பாதி தூரத்து மண்டபம்

இன்னைக்கு என் பைக் பஞ்சர். அதான் எட்டு மாசமா தொடாத உன் ஸ்கூட்டர எடுத்தேன். பெட்ரோல் போட சீட்டத் தொறந்தா, அடியில உன் ஆத்துத் துண்டு. அந்தப் பச்சைத் துண்டு, காஞ்சு அட்டை மாதிரி வெறச்சுப் போயிக் கெடந்துச்சு. எடுத்து மோந்து பாத்தேன். பாசி வாடை, மஞ்ச வாடை, கொஞ்சம் துரு வாடை.

"ஈரத் துணிய உள்ள வைக்காத, துருப் பிடிக்கும்"னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். "வீட்டுக்குப் போன ஒடனே எடுத்துருவேன்"ம்ப. எடுக்கவே மாட்ட.

பின்னால நின்னவரு சத்தம் போட்டாரு: "அண்ணாச்சி, பெட்ரோல் போடுதியளா, துண்ட மோந்துக்கிட்டே நிக்கியளா?"

பாளையங்கோட்டை ஆபீசுக்குப் போயிருக்கணும். துண்டக் கழுவிட்டுப் போவோம்னு வண்டியக் குறுக்குத்துறை ஆத்தங்கரைக்குத் திருப்பிட்டேன்.

நான் இந்த ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்தவன். குளிக்கப் போவேன், குளிச்சிட்டு வருவேன், அவ்வளவுதான். நீ வள்ளியூர்ல கெணத்துத் தண்ணியப் பாத்து வளந்தவ. கல்யாணமாகி மூணு வருசம் ஆன பெறகும் ஞாயித்துக்கெழம ஆனா, "இன்னைக்கு எந்தப் படித்துறை?"ன்னு பையத் தூக்கிருவ. "நீ குடும்பம் நடத்த வந்தியா, ஊரு சுத்திப் பாக்க வந்தியா?"ன்னு எங்க அம்மா கேப்பா. "ரெண்டுக்கும்தான் அத்தை"ன்னு சொல்லிட்டுச் செருப்ப மாட்டுவ.

உன் சித்தி பிள்ளைங்க வந்தப்ப, ஆத்துக்குள்ள நிக்கிற அந்த நாலுகால் மண்டபத்தக் காட்டி, யாரு கட்டுனதுன்னு கேட்டாங்க. தெரியலன்னு சொல்ல நான் வாயத் தொறக்குமுன்ன நீ ஆரம்பிச்சிட்ட. ஒரு கல்தச்சன் இருந்தானாம். அவன் பொண்டாட்டிக்கு மூக்கு மேல கோவம். சண்ட வந்தா ஆத்தக் கடந்து அக்கரையில அம்மா வீட்டுக்குப் போயிருவாளாம். அவன் பொறுத்துப் பாத்துட்டு, நட்டாத்துல ஒரு மண்டபத்தக் கட்டி, "கோவம் வந்தா பாதி தூரம் போயி இதுல உக்காரு. நான் வந்து கூட்டிட்டு வாரேன்"னு சொன்னானாம்.

நான் உன் காதுகிட்ட, "ஆதாரம் என்ன?"ன்னேன்.

"கல்லு நிக்குல்லா இன்ஜினியர் சார்! அதுக்கு மேல என்ன ஆதாரம்?"

விடுவேனா? அடுத்த வாரமே ஆபீஸ்ல இருந்து தூரம் அளக்குற கருவியக் கொண்டாந்து அளந்தேன். "பாதி இல்ல. இந்தக் கரையில இருந்து மூணுல ஒரு பங்குதான் வருது." நீ அசரவே இல்ல. "அப்ப அவளுக்குக் கோவம் சீக்கிரம் ஆறிரும்னு அர்த்தம். எழுதிக்கோங்க."

பெறகு நமக்குள்ள ஒரு சண்ட வந்துச்சு. எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரல. நீ வள்ளியூருக்கு பஸ் ஏறிட்ட. ஒரு மணி நேரத்துல போன். "நாங்குநேரியில எறங்கிட்டேன். பாதி தூரம் வந்தாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க." நான் வந்து நின்னு சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? "நாங்குநேரி பாதி இல்ல, முக்காவாசி." நீ பைய என் கையில குடுத்துட்டுச் சொன்ன: "இந்தத் தடவ கோவம் கொஞ்சம் கூடுதல்."

அதுக்கப்புறம் ஆறு மாசம்கூட இல்ல. உனக்குக் காய்ச்சல்னு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அஞ்சாம் நாள் நான் மட்டும் வந்தேன். எல்லாருக்கும் என் தம்பிதான் போன் பண்ணுனான். நீ இல்லங்கிறத இத்தன மாசத்துல என் வாயால ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. சாப்பிடுதேன், வரைபடம் பாக்கேன், தூங்குதேன். அழுகை மட்டும் வரல.

இன்னைக்குப் படித்துறையில அந்தத் துணி துவைக்கிற அக்கா இருந்தா. நீ போனா வாயோயாமப் பேசுவியே, அவதான். கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மண்டபத்தக் காட்டிக் கதை சொல்லிட்டு இருந்தா. உன் கதை! கல்தச்சன், கோவக்காரப் பொண்டாட்டி, எல்லாம் அப்படியே. கூடவே, "கூட்டிட்டு வரப் போகும்போது தூக்குவாளில சோறு கொண்டு போவானாம், பசியில இருப்பாள்லா"ன்னு ஒண்ணச் சேத்திருக்கா. அது உன் கதையில கெடையாது. ஆனா நல்லாத்தான் இருக்கு.

என்னப் பாத்ததும் சிரிச்சா. "வாங்க தம்பி! எங்க ஒங்க வீட்டுக்காரி? எம்புட்டு நாளாச்சு பாத்து. கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"இல்லக்கா"ன்னேன். "அவ எறந்துட்டா. எட்டு மாசம் ஆச்சு."

அக்கா துவைக்கிற கல்ல விட்டு எந்திரிச்சா. என் கையில இருந்த துண்ட வாங்கி, சோப்ப எடுத்தா. "சோப்பு வேண்டாம்க்கா, வாடை போயிரும்"ன்னேன். அதச் சொன்னதும் படியிலயே உக்காந்து அழுதேன். அக்கா சோப்பக் கீழ வச்சிட்டு, துண்ட வெறும் தண்ணியில முக்கி, மெதுவா அலசி, பிழிஞ்சு குடுத்தா.

கீழ்ப்படியில நின்ன கோயம்புத்தூர்க்காரருக்கு இது எதுவும் தெரியாது. அங்கன இருந்தே திரும்பிக் கேட்டாரு. "ஏனுங்க, அந்தம்மா சொல்றது நெசமுங்களா? சரியா பாதியிலயா இருக்குது?"

மொகத்தத் தொடச்சிக்கிட்டேன். "சரியா பாதிங்க. நானே கருவி வச்சு அளந்திருக்கேன்."

இத்தன வருச வேலையில நான் குடுத்த மொதப் பொய்க் கணக்கு. எழுதிக்கோ.

துண்ட ஈரத்தோடயே சீட்டுக்கு அடியில வச்சிட்டு வந்துட்டேன். துருப் பிடிச்சா பிடிக்கட்டும்.