முதலில் உலை, பிறகு ஆபீசுக்குப் போன்

ஏலே மாப்ள,

உலையில் டீசல் வாடை அடிக்கிறது. அதனால் உன் நினைப்பு வந்தது என்று எழுத நினைத்தேன், அது பொய். காலையில் வண்டி நின்றபோதே வந்துவிட்டது. வாடை கிளம்பியதும் நீ பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய், அவ்வளவுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், எட்டயபுரத்தைத் தாண்டவில்லை, கிளட்ச் போய்விட்டது. டிரெய்லருக்கு அடியில் நிழல் பார்த்து உட்கார்ந்து, டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எதிரே உன் பம்பு ஸ்டவ் இரைந்துகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன நாளிலிருந்து நீ அதற்கு டீசல் ஊற்றிப் பழக்கிவிட்டாய். இப்போது அது வேறு எதையும் குடிக்க மாட்டேன் என்கிறது.

பதினோரு வருடம் ஒரே வண்டியில் இரண்டு டிரைவர்களாக ஓடினோம். ஓடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் நின்றோம். முதல் தடவை வண்டி நின்றபோது நான் பதறிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டேன். நீ இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அரிசி களையப் போனாய்.

"மொத உலைய வையி மச்சான். பொறவு போன் போடலாம். போன் போட்டா வண்டி ஓடிருமா? உலைய வச்சா சோறாவது மிஞ்சும்."

மெக்கானிக் சொல்லும் நேரத்துக்கு நீ ஒரு கணக்கு வைத்திருந்தாய். 'அரை மணியில வாரேன்' என்றால் ஒரு உலை சோறு வேகும் நேரம். 'கெளம்பிட்டேன்' என்றால் இரண்டு உலை. 'ஸ்பேர் வரணும்' என்றால் பக்கத்து ஊருக்குப் போய்க் காய்கறி வாங்கி வர வேண்டியதுதான். கம்பெனியின் ஜிபிஎஸ் கூட இத்தனை சரியாகச் சொன்னதில்லை.

இதே ரோட்டில், இன்னும் நாலு மைல் வடக்கே, கியர்பாக்ஸ் போய் மூன்று நாள் கிடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் நாள் காலையிலேயே வண்டிக் கண்ணாடிக்கும் வேலிக்கருவைக்கும் கயிறு கட்டி, இடுப்பில் கட்டும் சாரம் இரண்டைத் துவைத்துக் காயப்போட்டாய். வாசல் தெளிக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. களை எடுக்கப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"புதுசா குடி வந்திருக்கியளா அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா தாயி. தண்ணி எங்கன நல்லா இருக்கும்?" என்று நீ கேட்டாய்.

மூன்றாம் நாள் பைக்கில் வந்த ஒருத்தர் டீக்கடை என்று நினைத்து இரண்டு டீ கேட்டார். நீயும் போட்டுக் கொடுத்தாய். சீனி கம்மி என்று குறை வேறு சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் வந்து, நம் சோற்றைச் சாப்பிட்டு, கேபினில் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் தான் கொண்டுவந்த ஸ்பேர் வேறு வண்டிக்கு உரியது என்று கண்டுபிடித்தார். நான் கத்தினேன். நீ அவரிடம், "ரசம் கொஞ்சம் இருக்கு, ஊத்தட்டுமா?" என்றாய்.

ஆனால் அந்த மூன்று நாளில்தான் உன் மகளுக்குப் புதுநன்மை. உங்கள் ஊர்ப் பெரியதாழைக் கோயிலில் வெள்ளை கவுன் போட்டு அவள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நான் ஒருத்தன் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன், நீ பஸ் ஏறிப் போ என்று அடித்துச் சொன்னேன். நீ கேட்கவில்லை.

"நின்ன வண்டியில ஒருத்தன ஒத்தையில விட்டுட்டுப் போவக்கூடாதுல" என்றாய். அன்றைக்குக் கோயிலில் பூசை நடந்த நேரத்தில் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சோறு தீய்ந்தது. பதினோரு வருடத்தில் நீ சோற்றைத் தீயவிட்டது அந்த ஒரு நாள்தான். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது மாப்ள.

அதற்குப் பல வருடம் கழித்து உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஒரு வேலை செய்தாள். அதே மகளின் நிச்சயதார்த்தம் வியாழக்கிழமை. உன்னிடம் மட்டும் செவ்வாய் என்று சொல்லி வைத்தாள். ரேடியேட்டர் ஒழுகி, நீ புதன்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், பந்தல்காரன் அப்போதுதான் குழி தோண்டிக்கொண்டிருந்தான். "நேரத்துக்கு வந்துட்டியளே" என்று தங்கச்சி சிரித்தாளாம். நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ கூடவே இருந்தும் தெரியாது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து நீ போய்ச் சேர்ந்தாய். மூன்று மணிக்கு அடக்கப் பூசை என்று தங்கச்சி எங்களிடம் சொன்னாள். "ஒரு நாளும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. இன்னைக்காச்சும் கொண்டு சேத்துருங்க அண்ணே" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். நம் லாரி கேபினில் கிடந்த உன் ஸ்டவ், அரிசி, சாமான்களைச் சாக்கில் கட்டி ஆம்புலன்ஸில் உன் காலடியில் வைத்து, தங்கச்சியையும் பிள்ளைகளையும் ஏற்றி ஒரு மணிக்கே கிளப்பிவிட்டேன்.

ஆறுமுகநேரி உப்பளம் வந்தது. உன்னை ஏற்றிய வண்டி நின்றது.

பெல்ட் அறுந்துவிட்டது. அந்த டிரைவர் போன் பேசிவிட்டு வந்து, "அரை மணி நேரத்துல பெல்ட் வந்துரும் சார்" என்றான். உன் முகத்தைப் பார்த்தேன். உன் கணக்குப்படி ஒரு உலை. கூட வந்த நம் ஆட்கள் நாலு பேரும் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சாரத்தைக் கிழித்துப் பெல்ட்டாகக் கட்டலாம் என்று ஒருத்தன் சாரத்தை அவிழ்க்கவே போய்விட்டான். மணி இரண்டரை ஆனது. பங்குச் சாமியார் காத்திருப்பார், ஊர் காத்திருக்கும், தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்யத் துப்பில்லை என்று நான் ரோட்டோரம் நின்று அழுதேன்.

தங்கச்சி இறங்கி வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"எதுக்கு அண்ணே பதறுதிய? பூசை அஞ்சு மணிக்குத்தான். மூணுன்னு உங்களுக்குத்தான் சொன்னேன். அவிய ஏறுற வண்டி எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கும்தான். இரண்டையும் சேர்த்தே செய்தாள். பிறகு சாக்கைக் காட்டி, "உலைய வைங்க. நேத்துலருந்து புள்ளைங்க ஒண்ணும் திங்கல" என்றாள். அடக்கம் முடியும்வரை துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அவளுடைய சித்தி முணுமுணுத்தாள். "இது வீடில்ல சித்தி, பிரேக்டவுன்" என்றாள் தங்கச்சி.

உன் ஸ்டவ்வில், உன் அரிசியில், உன் வண்டி நிழலில் கஞ்சி வைத்தேன். எல்லோரும் குடித்தார்கள். சித்தி இரண்டு தடவை வாங்கினாள். உன் மகள் தம்ளரை முகர்ந்து, "அப்பா வாடை" என்றாள். ஒன்றரை உலை நேரத்தில் பெல்ட் வந்தது.

நாலே முக்காலுக்குப் பெரியதாழைக் கோயில் வாசலில் உன்னை இறக்கினோம். பூசைக்குக் கால் மணி முன்பே வந்துவிட்டாய். ஊரே ஆச்சரியப்பட்டது.

ஸ்டவ்வைத் தங்கச்சி என்னிடமே கொடுத்துவிட்டாள். இப்போது கம்பெனி ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் என்கிறது. பாட்டுக் கேட்கலாம், போனில் படம் பார்க்கலாம் என்கிறார்கள். ஓடும்போது சரிதான். நிற்கும்போதுதான் தெரிகிறது. ஒற்றையில் விட்டுப் போகக்கூடாது என்று சொன்ன ஆளே விட்டுப் போய்விட்டாய். திட்டவேண்டும் என்றுதான் இந்தப் பேப்பரை எடுத்தேன்.

உலை பொங்கிவிட்டது. வழக்கம்போல இரண்டு ஆளுக்குப் போட்டிருக்கிறேன், மெக்கானிக் பசியோடுதான் வருவார். இறக்கி வைத்துவிட்டு, இனிமேல்தான் ஆபீசுக்குப் போன் போட வேண்டும்.