காதுகுத்துக்கு டி.ஜே.யாக அழைக்கப்பட்ட தாய்மாமன்

போடிமெட்டுச் சாலையை என்னைவிட அதிகமாக நேசித்த என் அண்ணே,

நலமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? இங்கே நான் நலம். அக்கா நலம். அவள் மகன் கவினுக்குப் போன வாரம் சிலமலையில் காதுகுத்து நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்போதும் அது முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

"உனக்குச் சந்தேகம் வராத நாளு எதுடா?" என்று நீ சிரிப்பாய். சிரி. பழைய டயரைப் புதுசு என்று ஒருவன் உன் தலையில் கட்டியபோதும், "பாவம், அவனுக்கே தெரியாம இருக்கும்டா" என்றவன் நீ. வீட்டில் ஒருவராவது சந்தேகப்பட வேண்டாமா? அந்த வேலையைச் சின்ன வயசிலேயே நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் நல்ல செய்தி. நான் டி.ஜே. ஆகிவிட்டேன். நீ மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பேனே, "என்னடா சோலி அது?" என்று கேட்பாயே, அதே சோலிதான். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை அதே தாளத்துக்கு இழுத்து வந்து சேர்ப்பது. அப்போது உனக்குச் சரியாகச் சொல்லிப் புரியவைக்க எனக்கே தெரியவில்லை.

கையில் காசில்லாமல் இதை ஆரம்பிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், முதலில் எதையும் வாங்காதே என்பேன். இலவசமாகக் கிடைத்த சாப்ட்வேரை இறக்கி, லேப்டாப் கீபோர்டிலேயே மாதக்கணக்கில் பழகினேன். ஆனால் இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம். யார் எதைச் சும்மா தருகிறார்கள்? எதையாவது திருடத்தான் தருகிறார்கள் என்று, நெட்டைத் துண்டித்துவிட்டுத்தான் அதைத் திறப்பேன்.

பிறகு ஒரு பழைய கன்ட்ரோலர். சுற்றுகிற தட்டு இரண்டும், சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டன்களும் உள்ள பெட்டி அது. தேனியில் ஒருவர், வெளிநாடு போகிறேன் என்று பாதி விலைக்கு விற்றார். உண்மையிலேயே போகிறாரா? அவர் வீட்டில் பெட்டி படுக்கை கட்டியிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டனையும் தள்ளிப் பார்த்தேன். "தம்பி, இடது பக்கப் பட்டன் மட்டும் அப்பப்ப கரகரங்கும், பாத்துக்கங்க" என்று அவரே சொன்னார். குறையை அவரே சொன்னதும் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. இந்தச் சின்னக் குறையைக் காட்டிவிட்டு எந்தப் பெரிய குறையை மறைக்கிறார்? அந்தப் பெட்டி இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. அதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

ஸ்பீக்கர் வாங்கவில்லை. தேவைப்படும்போது போடியில் சவுண்டு சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுக்கிறேன். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே. அதற்கு உன்னோடு ஜீப் ஓட்டிய கூட்டாளிகளுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "சூப்பர்டா தம்பி" என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவன் என்று பாவப்பட்டுச் சொல்கிறார்களோ?

ஒரு நாள் விடியலில், ஏலக்காய் எடுக்க எஸ்டேட்டுக்குப் போகும் பெண்களோடு நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். வளைவு ஏற ஏற என் பாட்டுதான் ஓடியது. நான் ராத்தூக்கம் கெட்டு இரண்டு பாட்டை இணைத்த இடம் வந்ததும், பக்கத்திலிருந்த பெண் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"எந்த லூசுப் பய போட்டது இது? ஒரு பாட்டயாவது முழுசா கேக்க விடுறானா? பல்லவி முடியங்குள்ள அடுத்ததுக்குத் தாவுறான். சரணத்துலதானய்யா பாட்டே இருக்கு!"

அண்ணே, அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி. திட்டுகிறவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லையே. அதற்குப் பிறகு சரணத்தை முழுசாக ஓடவிட்டேன். தேவாரத்தில் ஒரு பிறந்தநாள், போடியில் ஒரு சடங்கு என்று இரண்டு மூன்று விசேஷம் வந்தது.

அப்போதுதான் மச்சான் வீட்டுக்கு வந்தார். காபியை உறிஞ்சிக்கொண்டே, "மாப்ளே, கவினுக்குக் காது குத்துறோம். பாட்டுச் சோலிய நீங்களே பாத்துக்கங்க. நம்ம வீட்டு விசேசத்துக்கு வெளியாளு எதுக்கு?" என்றார்.

சரி என்றேன். அவர் போன பிறகுதான் சுருக்கென்றது. தாய்மாமன் சீர்த்தட்டோடு தெருவில் ஊர்வலமாக வர வேண்டும். வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டும். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். நீ இருந்திருந்தால் அது உன் மடி. அப்பாவும் அம்மாவும் போய், நீயும் போன பிறகு மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். ஊர்வலத்தில் வர வேண்டியவனை ஊர்வலத்துக்குப் பாட்டுப் போடச் சொல்கிறாரே, ஏன்?

ஏன் என்று எனக்கே பதில் தோன்றியது. பெரியப்பா மகன் ராசு அண்ணனும் கவினுக்கு மாமன் முறைதான். ஏலக்காய் வியாபாரம், கார், வெள்ளைச் சட்டை. டிராக்டர் நிறையச் சீர் கொண்டுவர அவரால் முடியும். என்னால் ஒரு தட்டு முடியும். என்னை ஒரு மூலையில் மேசை போட்டு நிறுத்திவிட்டு, அவர் மடியில் கவினை உட்காரவைக்கப் போகிறார்கள். கேட்டால், "மாப்ளே பாட்டுச் சோலியா இருந்தாரு" என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுத்தமான திட்டம்!

சும்மா சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. பிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேலே உன் படம், 'ஆசியுடன்' என்று. நடுவில் ராசு அண்ணன், 'தாய்மாமன்' என்று. கீழே ஹெட்போன் மாட்டிய என் படம். அதற்கடியில் 'டி.ஜே.' என்று மட்டும் இருந்தது. கடைக்காரரிடம் இது யார் சொல்லி எழுதியது என்று கேட்டேன். "வீட்டுக்காரங்கதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணே. வீட்டுக்காரர் என்றால் யார்? அப்போது நான் யார்?

அன்று காலையில் முதல் ஆளாக மண்டபத்துக்குப் போனேன். சமையல்கட்டுக் கதவை ஒட்டித்தான் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். பெட்டியை எடுத்து வைத்து, வயரைச் செருகி, என் சீர்த்தட்டை மேசைக்கடியில் துணிபோட்டு மறைத்து வைத்தேன். பட்டு வேட்டி, சட்டை, ஒரு ஜோடிக் கடுக்கன், பழம், தேங்காய். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். கண் முழுக்க மேடையிலேயே இருந்தது.

ராசு அண்ணன் வந்தார். நான் நினைத்தபடியே டிராக்டர், மேளம், வெடி. மச்சான் வாசலுக்கு ஓடினார். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், பாட்டைப் போடச் சொல்லி. என் பெட்டியில், என் கையால், அவர் வருகைக்கு நான் பாட்டுப் போட்டேன். நன்றாகவும் போட்டேன். வேலையில் குறை வைக்க எனக்கு மனசு வராது.

அவரை மேடைக்குக் கூட்டிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. நீளமான நாதஸ்வரம் ஒன்றை ஓடவிட்டு, அக்கா இருந்த அறைக்குப் போனேன். கவினுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேராவே கேக்குறேன். புள்ள யாரு மடியில உக்காரப் போகுது?"

"உன் மடியிலதான்டா. வேற யாரு மடியில?"

"அப்பறம் எதுக்கு என்னைய அந்த மூலையில நிக்க வச்சீக? ராசு அண்ணன் படத்துக்குக் கீழ மட்டும் தாய்மாமன்னு எழுதியிருக்கு. எனக்கு ஏன் இல்ல?"

சீப்பைக் கீழே வைத்தாள். "உன் மச்சான் பேர்ல ஒரு குத்தமும் இல்லடா. நாந்தான் சொன்னேன். அண்ணன் இல்லாம நீ ஒத்தையில தட்டத் தூக்கிக்கிட்டு தெருவுல வர்றத என்னால பாக்க முடியாது. பாட்டுப் பெட்டியோட நீ மொதல்லயே வந்து நின்னுட்டா, நடந்து வரவேணாம்ல. தாய்மாமன்னு எழுதுனா, ஊர்வலத்துல ஆள எங்கம்பாங்க."

அண்ணே, அந்த நேரத்திலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. மச்சானைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். உன்னைப் பற்றிச் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம். நீ இல்லை என்பதற்காக நானும் இல்லாமல் போக வேண்டுமா?

"பாக்க முடியலன்னா நீ உள்ளயே இருந்துக்க அக்கா. நான் நடந்துதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மச்சானைப் பிடித்து மேசைக்குப் பின்னால் நிறுத்தினேன். "தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்கிட்ட நின்னு கைய தூக்குவேன், வாசல் வழியா தெரியும். இந்தப் பட்டன மெதுவா மேல தள்ளுங்க. வேற எதையும் தொடாதீக" என்றேன். பாம்பைத் தொடுகிறவர் போல அதன்மேல் ஒரு விரலை வைத்தார்.

தட்டோடு கோயில்வரை போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினேன். மெதுவாகத் தள்ளச் சொன்னதை அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். தெருவே அதிர்ந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மேளமில்லை, வெடியில்லை, கூட நடக்க ஒருவரில்லை. அக்கா சொன்னது சரிதான். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

பாதி தூரம் வந்திருப்பேன். மண்டபத்து வாசலிலிருந்து ஒருத்தி இறங்கி வேகமாக வந்தாள். அக்கா. ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டியவள் வெறுங்கையோடு வந்து, என் பக்கத்தில் திரும்பி நின்று, தட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சீரை வாங்க வேண்டியவளே சீரைச் சுமந்து வருகிறாள்! "இது என்னாத்தா மொறை?" என்று யாரோ ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள், "எங்க வீட்ல நாங்க மூணு பேரு. ஒருத்தன் போயிட்டான். மிச்சம் ரெண்டு பேரும் நடந்து வர்றோம்."

கவின் என் மடியில்தான் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் என் கையைக் கடித்து வைத்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. ராசு அண்ணன் தோளில் தட்டி, "நல்லாயிருந்துச்சு தம்பி" என்றார். எது நல்லாயிருந்தது என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் சின்ன மகளுக்கும் காது குத்த வேண்டி வரும். அன்றைக்குப் பாட்டுச் சோலியை நான் பார்க்கமாட்டேன். வேறொரு டி.ஜே.யை, நன்றாகத் துருவி விசாரித்து, நானே பிடித்துத் தருவேன். நான் தெருக்கோடியிலிருந்து நடந்து வருவேன் அண்ணே. பாதி வழியில் அக்கா இறங்கி வர வேண்டியதில்லை. அடுத்தமுறை கோயிலிலிருந்தே அவளைக் கூட்டி வருவேன். இது உன்மேல் சத்தியம். இதையாவது நீ சந்தேகப்படாதே.

இப்படிக்கு,
உன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்ட,
உன் தம்பி.