அவர் மைக், அவர் பாடு

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை. கடை திறக்கப் போகிறேன். சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டே இன்டர்வியூவுக்கு உட்காருங்கள். பசித்த முகம் கேமராவில் கோபமாகத் தெரியும்.

போன தடவை, கேள்வி கேட்க வந்தவரின் மைக் வேலை செய்யவில்லை என்று நேரம் முழுவதும் அதைச் சரிசெய்ய வழி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சரியானதும், "ரொம்ப நன்றி சார், டைம் முடிஞ்சிருச்சு" என்று அவர் போய்விட்டார். சரக்கு விற்கப் போனவன் கடைக்காரரின் தராசைப் பழுது பார்த்துவிட்டு வந்த கதை. இன்றைக்கு அவர் மைக், அவர் பாடு.

தையல்கார அக்கா லேப்டாப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்தால், சாயங்காலம் வரும்படி ஜன்னல் வழியாகவே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்தால் உங்களுக்கு 'முடியாது' என்ற வார்த்தை வராது.

ராத்திரி "ஊருக்கெல்லாம் ஒத்தாசை, வீட்டுக்கு மட்டும் ஒண்ணுமில்ல" என்றேன். கோபத்தில் வந்த பேச்சு. நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் சண்டையாவது முடிந்திருக்கும்.

பின்குறிப்பு: யோசித்துப் பார்த்தேன். மைக் கெட்டால் உங்களால் சும்மா இருக்க முடியாது. சரிசெய்யுங்கள், ஆனால் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சரக்கைக் காட்டாமல் யார் வாங்குவார்கள்?

இன்னொன்று. அவர்கள் வேலை இல்லை என்று சொன்னாலும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும். கடையில் கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்.