பெரியவரின் பின்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இருபத்திரண்டாவது டிவி வந்துவிட்டது. மற்றவர்கள் வேலை முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்கள். நான் கட்டிக்கொண்ட பேருந்து ஓட்டுநர், யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார். ஹாலில் மூன்று சுவருக்கும் அலமாரி அடித்தாயிற்று. ஒவ்வொரு டிவியின் கீழும் பெயரும் வருஷமும் எழுதிய அட்டை. மனிதர்கள் உட்கார வேண்டுமானால் சமையலறைதான்.

இத்தனையில் படம் வருவது ஒன்றே ஒன்று. முன்னால் இரண்டு கதவு வைத்த மரப்பெட்டி, அவருடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. 'பெரியவர்' என்று பெயர் வேறு. யாராவது வந்தால், கதவைத் திறக்காமலேயே சுவிட்சைப் போடுவார். "பெரியவர் எழுந்திரிக்க ஒரு நிமிஷம் ஆகும்" என்று ஏதாவது கதை பேசுவார். பிறகுதான் திறப்பார். கறுப்பு வெள்ளையில் யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பின்பக்கம் மட்டும் யாரையும் விடமாட்டார், என்னையும்தான். ஷாக் அடிக்குமாம்.

மார்ச் 8, சனி

பெரிய சண்டை. அடுத்த ஞாயிறு பழைய டிவி சேர்ப்பவர்கள் சங்கத்திலிருந்து நான்கு பேர் பார்க்க வருகிறார்களாம். இடம் போதவில்லையென்று என் தையல் மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். "ஒருநாள் இது எல்லாத்தையும் நானே போட்டு உடைக்கிறேன் பாருங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அட்டை எழுதினார்.

மார்ச் 11, செவ்வாய்

நான் வேணும்னு செய்யல. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

பெரியவரின் கண்ணாடியில் விரல் ரேகை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன், எனக்கா துடைக்கத் தெரியாது? கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்ப்ரேயை அடித்து, ஓரம் எட்டவில்லையென்று பெட்டியைக் கொஞ்சம் திருப்பினேன். உள்ளே 'டக்' என்று ஏதோ விழுந்தது. சுவிட்சைப் போட்டேன். இருட்டு. மறுபடி போட்டேன் — இருட்டுதான்.

மூணு நாள் முன்னாடி உடைக்கிறேன்னு சொன்னவ நான். இப்ப கை தவறிடுச்சுன்னா யார் நம்புவா?

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை. டீ கொடுக்கும்போது வாய்வரை வந்தது. அவர் புது அட்டைகளைக் காட்டி, "எழுத்து நேரா இருக்கா பாரு" என்றார். நேராக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

அவர் டூட்டிக்குப் போனதும் டிவி மெக்கானிக்கை வரச் சொன்னேன். எங்கள் கடையில்தான் மூக்குக்கண்ணாடி வாங்குகிறவர். பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல பிக்சர் ட்யூபே இல்லையே."

எட்டிப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு தட்டையான புது டிவி, அதில் ஒரு பென் டிரைவ். பக்கத்தில் ஒரு ஒயர் கழன்று தொங்கியது. அவ்வளவுதான் கோளாறு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரியவர் எழுந்திரிக்க ஒரு நிமிஷமாம்! புது டிவி போட்டதும் காட்டுகிற கம்பெனிப் பெயரை மறைக்கத்தான் அந்தக் கதவு. இந்தக் காலி டப்பாவுக்காகவா மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை?

ஒயரை மாட்டிவிடட்டுமா என்று கேட்டார் மெக்கானிக். வேண்டாம், அப்படியே மூடுங்கள் என்றேன். மாட்டிவிட்டால் என் தப்பும் உள்ளே போய்விடும், அவருடையதும் உள்ளேயே கிடக்கும்.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். துடைக்கும்போது நகர்த்தினேன், படம் போய்விட்டது, சத்தியமாக வேண்டுமென்று இல்லை என்று. என்ன கத்து கத்தப்போகிறாரோ என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ உடைக்கல. அது செத்து ஏழு வருஷம் ஆச்சு."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஓடுறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா, எல்லாத்தையும் எடைக்குப் போடச் சொல்லிடுவியோன்னு பயம்."

ஏழு வருஷமாக என்னிடம் பயந்துகொண்டு இருந்திருக்கிறார், பாவம். போடச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். மெக்கானிக் வந்துபோனதை நானும் சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தார், பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மனசு லேசாகிவிட்டது. ஆனால் நாளைக்கு அந்த நான்கு பேரிடம் என்ன சொல்லப்போகிறார்?

மார்ச் 16, ஞாயிறு

கழன்ற ஒயரை அவர் காலையிலேயே மாட்டிவிட்டார். வந்தவர்கள் முன்னால் கதவை முதலில் திறந்தார், பிறகு சுவிட்சைப் போட்டார். கம்பெனிப் பெயர் மின்னியது, பிறகு படம் பளிச்சென்று வந்தது. சங்கத்தலைவர் ஒரு பல் டாக்டர்; அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "உள்ள புதுசு. ஒரிஜினல் ட்யூப் போயிடுச்சு" என்றார் இவர். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "பல்லு விழுந்தா கட்டுப்பல்லு வெச்சுக்கறதில்லையா? என் வீட்லயும் ரெண்டு அப்படித்தான் இருக்கு. இவங்ககிட்ட சொன்னதில்ல" என்று மற்ற மூவரையும் காட்டினார். அந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில், அவர்கள் வீட்டுக் கதையும் தெரிந்துவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் ஹாலில் உட்கார்ந்து இரண்டு தலையணை உறை தைத்தேன். ஆறு டிவி பரணுக்குப் போயிருக்கிறது. நான் போகச் சொல்லவில்லை.

மெஷினை மூடிவிட்டுத் துணியை எடுத்துப் பெரியவரைத் துடைக்கப் போனேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பின்பக்கமும் துடைச்சிடு" என்றார்.