ஒருமுறைதான் ஊற்றலாம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் உறங்கினாள். மாதா கோவிலில் தந்த படிவம் மேசையில் கிடக்கிறது. பெயர், பிறந்த இடம், ஞானப்பெற்றோர் எல்லாம் நிரப்பிவிட்டேன். ‘குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதா?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்குப் பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ இறந்து நாலு மாதமாகிறது.

ஏழாம் மாதத்திலேயே அவள் பிறந்த அன்று, லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உன் மரக்கறிக் கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்தாய். பிள்ளை தப்புமா என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. என்னால் எழும்ப முடியவில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“நான் சைவமடி. என்ரை கையாலை செல்லுமே?”

“செல்லும். தலையிலை தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே ஞானஸ்நானம் குடுக்கிறன் எண்டு சொல்லு. அவள் புதுசாப் பிறப்பாள்.”

“இப்பதானேயடி பிறந்தவள்! எங்களுக்குச் செத்தாத்தான் மறுபிறப்பு. உங்களுக்கு உயிரோடையே? லாபம்தான்.”

அரை மணி கழித்து வந்து, “எல்லாம் முடிஞ்சுது, நீ படு” என்றாய். உன் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. அதை நம்பித் தூங்கிவிட்டேன்.

ஆனால் குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குள் போகும் எவரும் முழங்கைவரை கழுவித்தான் போகவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றத் தாதி விட்டிருப்பாளா? நீயோ ஆட்களின் மனம் நோகாமல் பொய் சொல்வதில் கெட்டிக்காரி. மூன்று நாள் முருங்கைக்காயைக்கூட, “காலமைதான் பிளேனிலை வந்தது, அக்கா” என்று விற்பவள்.

தமிழ்ப் பூசை வைக்கும் ஃபாதரிடம் சொன்னேன். “ஞானஸ்நானம் ஒருக்காத்தான், பிள்ளை. நடந்தது நிச்சயமெண்டால் திரும்ப ஊத்தமாட்டன், மிச்சச் சடங்கை மட்டும் செய்வன். சந்தேகமெண்டால், ‘முன்பு பெறாதிருந்தால்’ எண்டு சேர்த்துச் சொல்லி ஊத்துவன். ஆண்டவர் குழம்பமாட்டார். நீர் யோசிச்சு நாளைக்குச் சொல்லும்.”

குழம்புவது நான்தான். சந்தேகம் என்றால், ஞாயிறு நடக்கும் சடங்கில் அத்தனை சனத்தின் முன்னால் உன்னைப் பொய்க்காரியாக்குகிறேன். நிச்சயம் என்று சொல்லி, அன்று நீ ஊற்றாமலே திரும்பியிருந்தால், அவளுக்கு என்றைக்குமே ஞானஸ்நானம் இல்லை. அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருக்கிறது. என் மனுசனைக் கேட்டால், “ரெண்டுதரம் ஊத்தினால் தடிமன் காய்ச்சலோ வரப்போகுது?” என்கிறார்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பெயர் வைப்பதற்கு முன்பே, அன்று முதல், நீ அவளை மரியா என்றுதான் கூப்பிட்டாய். ஆரணி என்று பதிந்த பிறகும் விடவில்லை. “ஏன்டி, எங்கடை வேதத்துக்கு மாறிட்டியோ?” என்று கேலி செய்தேன்.

“பேரில்லாமல் எப்பிடியடி சொல்லுறது?” என்றாய்.

பகிடி என்று விட்டுவிட்டேன். ஞானஸ்நானம் கொடுக்கும்போது முதலில் பிள்ளையின் பெயரைச் சொல்லவேண்டும். அதை நான் உனக்குச் சொல்லித்தரவேயில்லை. அவள் தலைமாட்டில் நின்று, ஆரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று தடுமாறி, உனக்குத் தெரிந்த ஒரே வேதக்காரப் பெயரை நீயே வைத்திருக்கிறாய். அந்த வார்த்தைகளைச் சொல்லாதவளுக்குப் பெயர் எதற்கு?

நாளைக்கு ஃபாதரிடம் நிச்சயம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனாலும் கேட்கிறேன். ஊற்றினாய்தானே? கனவிலாவது வந்து, ஓம், ஊத்தினனான் என்று சொல்லு. விடியமுதல் கெதியாப் பதில் தா.