பதினான்காவது ஹோலில் நகர்ந்த பந்து

என் தங்க நைனாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களுக்கு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாது. என் பரீட்சை மார்க்கைக் கோவில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னவர் நீங்கள். இதை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி வேறு யார் கைக்காவது இந்தத் தாள் போனால், அவர்களிடமும் கையெடுத்துக் கேட்கிறேன். படித்ததோடு விட்டுவிடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

நான் இப்போது சித்தூரில் இல்லை. சாந்திபுரம் தாண்டி, மேட்டு நிலத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறேன். மைதானத்தின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள். ராத்திரியில் காற்று அடித்தால், யாரோ விளக்குமாற்றால் விடாமல் பெருக்குவது மாதிரி சத்தம் வருகிறது. இவ்வளவு பெரிய அறையில் நான் தனியாகப் படுத்ததே இல்லை. முன் அறையில் சித்தப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, விளக்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்து எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நாங்கள் மூன்று பேரும் சித்தப்பா வீட்டு மாடிக்கு வந்துவிட்டோம். அம்மா மிஷன் ஹாஸ்டலில் வார்டனாக இருக்கிறாள். தம்பி தெலுங்கில் என்னைவிட நன்றாகச் சண்டை போடுகிறான். நான் பத்தாவது. தமிழ் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வகுப்போடு சரி, அதனால் பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

சித்தப்பா இன்னும் அதே மாம்பழக்கூழ் ஃபேக்டரியில்தான் இருக்கிறார். அவருடைய முதலாளியை நாங்கள் பெரிய சார் என்போம். வருஷா வருஷம் அவர் பெங்களூரிலிருந்து கூழ் வாங்கும் ஒரு கணவன் மனைவியை அழைத்து மூன்று நாள் கோல்ஃப் விடுமுறை கொண்டாடுவார். ஜோடிக்கு ஜோடி ஆட்டம், ஜெயித்த ஜோடிக்கு ஒரு கோப்பை. இந்த வருஷம் அவருடைய ஜோடிக்காரர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். அப்போது சித்தப்பா, எங்கள் அண்ணன் மகள் ஆடுவாள் சார் என்று சொல்லிவிட்டார். நீங்கள் ராணுவ கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டியதும், சாயங்காலத்தில் என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனதும், ஒரு மேஜர் வீட்டு அம்மா எனக்குத் தன் பழைய குச்சிகளைக் கொடுத்ததும் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. எனக்கோ ஒரே சந்தோஷம். மறுபடி புல் மேல் நிற்கலாம் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

நேற்று நன்றாகத்தான் இருந்தது. என் குச்சிப் பையைத் தூக்கி வந்தவள் மல்லிகாக்கா. குடுபல்லிக்காரி. இரண்டு வருஷம் இங்கே வெயிலில் உட்கார்ந்து களை பிடுங்கியவள். கேட்டுக் கேட்டு இந்த வருஷம்தான் பை தூக்கும் வேலைக்கு வந்திருக்கிறாள். தலையில் ரிசார்ட் தொப்பி, கழுத்தில் நம்பர் போட்ட அட்டை. பெரிய சார் ஒவ்வொரு முறை குச்சியை ஓங்கும்போதும் என் காதில் ஏதாவது சொல்வாள். “உங்க பெரிய சாரு பந்த அடிக்கிறாரா, பாம்ப அடிக்கிறாரா?” நான் சிரிப்பை அடக்க இருமினேன். இருமலுக்கு மாத்திரை வேண்டுமா என்று பெரிய சார் அக்கறையாகக் கேட்டார்.

இன்று கடைசி ஆட்டம். பதின்மூன்று ஹோல் முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். பதினான்காவது ஹோலுக்குப் போகும் பாதை மிகவும் குறுகலானது, மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும். என் பந்து வலது பக்கம் மரத்துக்குள் போய்விட்டது.

போய்ப் பார்த்தேன். பந்து ஒரு வேரை ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் காய்ந்த ஊசி இலை. இலையை விலக்கலாம், அதில் தப்பில்லை. விலக்கும்போது பந்து அசைந்தால் மட்டும், அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுகிறவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மறைத்தால் ஜெயித்த ஆட்டமே செல்லாது. இந்த ஆட்டத்தில் நடுவர் கூடவே நடந்து வருவதில்லை.

நான் இலையை எடுத்தேன். பந்து உருண்டது. ஒரு சாண் தூரம்தான், நைனா. வேரைவிட்டு வெளியே வந்து, அடிக்க வாகாக நின்றுவிட்டது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூரத்தில் பெரிய சார் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்குக் குடை பிடித்தபடி சித்தப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. அடித்தேன். பந்து இரண்டு மரத்துக்கு நடுவே போய், குழி இருக்கும் பச்சைப் புல்தரையில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் ஓர் அடியில் ஜெயித்தோம்.

உருண்டதுகூட எனக்குப் பயமில்லை. சும்மா இருந்தது அவ்வளவு சுலபமாக இருந்ததே, அதுதான் பயமாக இருக்கிறது. நான் அப்படிப்பட்டவளா? உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

ஆட்டம் முடிந்ததும் அந்த பெங்களூர் அம்மா மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். வண்டியில் எங்களைத் தாண்டிப் போகும்போது பந்து வேரை ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தார்களாம். பிறகு அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, என் மேல் சந்தேகமே இல்லை அவர்களுக்கு. பை தூக்குகிறவர்கள் தங்கள் ஆளுக்காகக் காலால் தள்ளிவிடுவார்கள், எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன் என்றார்கள். நியாயப்படி அதற்கும் நான்தான் ஓர் அடி ஏற்க வேண்டும். ஆனால் குழந்தை என்ன செய்வாள், ஜெயித்தது ஜெயித்ததாகவே இருக்கட்டும், அந்தப் பெண்ணை மட்டும் கவனியுங்கள் என்று என் கன்னத்தைத் தட்டினார்கள். அவர்கள் விரலில் ஏலக்காய் வாசனை.

மேனேஜர் தெலுங்கில் கேட்டார், அவள் கால் பட்டதைப் பார்த்தாயா என்று. நான் பார்க்கவில்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது தடவையும். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, பாருங்கள். மல்லிகாக்கா என் பையைத் தோளில் மாட்டியபடி பக்கத்திலேயேதான் நின்றாள். மேனேஜர் அவளிடம் தொப்பியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு, காலையில் வரச் சொன்னார்.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்கள் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டேன்.

“உன் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்துக்கினுதான இருந்தேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“யாரு கேட்டாங்க? உன்ன மூணு தபா கேட்டாங்க. என்ன ஒரு தபா கூட கேக்கலியே பாப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பை தூக்கும் பெண்கள் இங்கே மூன்று பேர்தானாம். ஒருத்தி மேல் தப்பு என்றால் மூன்று பேரையும் களை பிடுங்க அனுப்பிவிடுவார்கள் என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “துன்னியா நீ? மூஞ்சி வெளுத்துப் போய் கீது” என்று கேட்டாள்.

நான் துன்னேன், நைனா. எல்லோருடனும் உட்கார்ந்து துன்னேன். அங்கே இன்னொன்று பார்த்தேன். இத்தனை வருஷம் சித்தப்பா பெரிய சாருக்குப் பின்னால் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். போனைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் பிடித்துக்கொண்டு. இன்று பெரிய சார் பக்கத்து நாற்காலியை இழுத்து, உட்காருப்பா என்றார். சித்தப்பா உட்கார்ந்தார். சாப்பாட்டைக்கூடச் சரியாகத் தொடவில்லை, நாற்காலியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிற மனுஷர். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

திரும்பி வந்ததும் சித்தப்பா என்னிடம் ரிசார்ட் பெயர் அச்சடித்த நான்கு தாளும் பேனாவும் கொடுத்தார். நடந்ததை மேனேஜர் எழுத்தில் கேட்டிருக்கிறாராம். காலையில் கோப்பையோடு போட்டோ எடுப்பதற்கு முன்னால் வேண்டுமாம்.

“பெருசா ஒண்ணும் எழுத வாணாம் எஸ்தரு. அந்தப் பொம்பள காலு பட்டுச்சு, நான் பாத்தேன். ரெண்டே வரி.”

“நான் பாக்கல சித்தப்பா.”

“பாக்கலன்னா என்னா? காலு படாம பந்து தானா நடந்து போச்சா?”

அவர் என் முகத்தையே பார்த்தார். என்ன புரிந்ததோ, என்ன புரியவில்லையோ. தூங்கறதுக்கு முன்ன எழுதிடு, நான் வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டார். அந்தத் தாளில்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்படி எழுதாமல் உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பெரிய சார் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷமாகத் தோற்றவர். சித்தப்பாவை வேலையைவிட்டு அனுப்புவாரா? அம்மா, தம்பி, நான், எங்கே போவோம்? சித்தப்பா சொன்னபடி எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது. ஒன்றுமே ஆகாது. போட்டோவில் சிரிப்பேன். எல்லோரும் என்னை மெச்சுவார்கள். களை பிடுங்குகிற மூன்று பெண்களை வண்டியில் தாண்டிப் போவோம்.

வெளியே யாரோ நடக்கிற மாதிரி இருக்கிறது. ஊசி இலை மேல் நடந்தால் சத்தம் கேட்காது என்று மத்தியானம்தான் கண்டுபிடித்தேன். அதனால் ஜன்னல் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் ஒரு தடவை இருமுங்கள். நான் கத்த மாட்டேன்.

டி.வி. சத்தம் நின்றுவிட்டது.

மூன்றாவது தாளும் முடியப் போகிறது. நாலாவது தாளில் இப்போதுதான் எழுதி வைத்தேன். இங்கிலீஷில், இரண்டே வரி, சித்தப்பா சொன்ன அளவுதான். நான் இலையை எடுத்தபோது பந்து நகர்ந்தது, நான் சொல்லவில்லை. மல்லிகாக்கா தொடவில்லை, அவளைக் கேட்டுப் பாருங்கள். கீழே என் முழுப் பெயர், உங்கள் பெயரோடு சேர்த்து. அவசரத்தில் உங்கள் பெயர் கோணலாக வந்திருக்கிறது.

தட்டுகிறார்.

“எஸ்தரு. எழுதிட்டியா?”

எழுதிட்டேன் சித்தப்பா என்று சொல்லிவிட்டேன். அந்த நாலாவது தாளைத்தான் கொடுப்பேன், நைனா, உங்கள் மேல் சத்தியம். கிழித்துப் போட்டால் காலையில் மேனேஜர் முன்னால் நின்று வாயால் சொல்வேன். அழுதாலும் சொல்வேன். மறுபடி தட்டுகிறார், இந்தத் தடவை பலமாக.

உங்கள் மகள்
எஸ்தர்