விட்டுக்கொடுக்கும் பசை

முந்தாநாள் காலை ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது என் அலமாரிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். உன் வயலின்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். வில்லில் தேய்க்கும் ரோசின் வாசனையோடு பழைய சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது. கீழ் விளிம்பில் மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. நீ இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாய். நான் பதறவில்லை. இதற்குப் பதறக் கூடாது என்று நாம் சேர்ந்துதானே கற்றுக்கொண்டோம்.

இது என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பாய். உன் கடைசிக் காரியங்கள் முடிந்து டல்லாஸுக்குக் கிளம்பும்போது உன் மகள் கொண்டுவந்து வைத்தாள். "யூ கீப் இட், ஆன்ட்டி. ஐ'ல் ஒன்லி பிரேக் இட்" என்றாள். நீ கற்றுக்கொடுத்த வாசிப்பு அவள் கையில் இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறக்கவே பயப்படுகிறாள். ச எது ப எது என்று தெரியாத என்னிடம் போய் உன் வயலின்! அலமாரியிலேயே இது ஊமையாகிவிடுமோ என்று அவ்வப்போது பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒய்2கே கம்ப்யூட்டர் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்து வெஸ்ட் வின்ட்சரில் எதிரெதிர் அபார்ட்மென்டில் குடியிருந்தோமே, அந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? அப்போதும் இதே 'டக்'. பொங்கல் விழாவில் உன் கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. நீ ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த வெள்ளைப் பசையை எடுத்தாய். மரத்தச்சர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் போடுவது.

"கட்டிலே நிக்குது, இது நிக்காதா?" என்றாய்.

நன்றாகத்தான் நின்றது. அடுத்த குளிர் அலையில் ஒட்டு அசையவில்லை, அதன் பக்கத்தில் மேல்பலகையே பிளந்துவிட்டது. உன் அப்பா உன் கையில் கொடுத்தனுப்பிய வயலின். நீ சோபாவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாய்.

"அழாதடி. கோட்டப் போடு. ட்ரென்டன் பக்கம் ஒரு ரிப்பேர் ஷாப் இருக்காம், டிரைவ் பண்றேன்" என்றேன்.

கடைக்காரி ஹன்னா போலந்துக்காரி, நம்மைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கலாம். பிளவைப் பார்த்தாள், பசையை முகர்ந்தாள், யார் செய்த வேலை என்று கேட்டாள். நீ கூசாமல் என்னைக் கை காட்டினாய். பாவி, நானும் தலையை ஆட்டினேன்!

அடுத்த வாரம் அவள் வரச்சொன்னபோது மேல்பலகை தனியே கழன்று மேசைமேல் கிடந்தது. வெளியே கருத்துப் பழுத்த அந்த வயலினுக்கு உள்ளே அரக்கே பூசவில்லை. நேற்று இழைத்தது மாதிரி வெளிர் மரம். உளி போன தடம் அப்படியே இருந்தது. கோவில் கருவறைக்குள் தவறி நுழைந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் இத்தாலிய மேதை ஒருவரின் பெயர். உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட பெயர். ஹன்னா சிரித்தாள். ஜெர்மனியின் சாக்சனிப் பக்கத்துப் பட்டறைகளில் அந்தப் பெயரை எத்தனையோ வயலின்களில் ஒட்டினார்களாம். ஒரு வீட்டில் தலைச் சுருளை மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் முதுகுப்பலகை, மூன்றாவது வீட்டில் ஒட்டிச் சேர்ப்பார்கள். "அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்று என் காதில் சொன்னாய். ஆனால் அடுத்து அவள் காட்டியதில் அந்த மேதையை நீயே மறந்துவிட்டாய். ஓரத்தில் உறைந்த பழைய பசைத் துளியில் ஒரு பெருவிரல் ரேகை. நூறு வருஷத்துக்கு முன் அவசரமாக அழுத்திய யாரோ ஒருவன். பெயர் இல்லை, சுழி சுழியாக ரேகை மட்டும். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். நானும்தான்.

அந்தப் பட்டறைக்காரர்கள் மேல்பலகையை வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த பசையால் ஒட்டினார்கள் என்று ஹன்னா சொன்னாள். குளிரில் மரம் சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை பிழைக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். எந்த நாட்டுக்கோ போய் எந்தக் குளிரிலோ இது சுருங்கப்போவதை எண்ணி ஒட்டிய மனிதர்கள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எதிலிருந்து அந்தப் பசை என்று நீ கேட்டாய். மாட்டுத் தோலைக் காய்ச்சி, என்றாள். நீ முட்டைகூடத் தொடாதவள். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைல இதுக்கா சந்தனம் வெச்சேன்?" என்றாய். பிறகு நீயே சிரித்தாய். "மிருதங்கம் மட்டும் என்ன, வாழைத் தோலா? ஒட்டச் சொல்லுடி."

பிளவின் குறுக்கே உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒட்டினாள். கடைசித் துண்டை உன்னை அழுத்தச் சொன்னாள். சூடான பசையில் பெருவிரலை வைத்தாய், அந்த மனிதனின் ரேகைக்குச் சற்றுத் தள்ளி. பிதுங்கிய பசையை எல்லா இடத்திலும் துடைத்த ஹன்னா, அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் மூடினாள். பொங்கல் கச்சேரியில் நீ வில்லை இழுத்ததும் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதது நான்தான். இசை புரிந்து அல்ல. அது பேசியதே, அதற்காக.

நேற்று ஹன்னாவிடம் கொண்டுபோனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, கைவேலை மட்டும் மாறவில்லை. நீ எங்கே என்று கேட்டாள். சொன்னேன். விளிம்பை ஒட்டுவதற்கு முன், ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டு என்னைப் பார்க்கச் சொன்னாள். முதலில் அந்தப் பட்டறைக்காரனின் ரேகை தெரிந்தது. கண்ணாடியைச் சற்றுத் திருப்பினேன். நீ இருந்தாய்.

பார்க்கிங் லாட்டிலிருந்தே உன் மகளுக்கு போன் செய்தேன். "வயலின் திறந்துக்கிச்சு, ஒட்டியாச்சு. அது அப்படித்தான் திறக்கும், திறந்தாத்தான் உடையாது. உள்ள உங்கம்மா விரல் பதிஞ்சிருக்கு, இப்பதான் பாத்துட்டு வரேன்" என்றேன்.

எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், தமிழில் கேட்டாள்.

"எந்த விரல், ஆன்ட்டி?"

"பெருவிரல்" என்றேன். "வந்து எடுத்துக்கோ."